காய்ச்சல் இறங்கிய பிறகும் ஆறு வாரம்: அப்பாவின் இதய வால்வில் ஒட்டிய கிருமி

மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்கள் கையில் கத்தி பட்ட தழும்பு இல்லாமல் இருக்காது. எங்கள் வீடு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர் பக்கம். போச்சம்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் நர்சரி வைத்துப் பிழைப்பவர்கள் நிறையப் பேர், நாங்களும் அதில் ஒரு குடும்பம். ஆடி மாதம் ரெண்டு மழை விழுந்துவிட்டால் ஒட்டுக் கட்டும் வேலை மும்முரமாகிவிடும். அப்பா காலையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அப்படி ஒருநாள் இடது கட்டைவிரலில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. மஞ்சளைக் குழைத்து வைத்து, ஒரு துணியைச் சுற்றி, ஒட்டுக்குக் கட்டுகிற பாலிதீன் நாடாவையே அதன்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். கொஞ்ச நாள் சீழ் வைத்தது, வடிந்தது, காய்ந்தது. அவருக்கு சுகர் உண்டு என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

புண்ணை எல்லோரும் மறந்த பிறகு காய்ச்சல் வந்தது. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அம்மா போனில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “மூணு கம்பளி போட்டும் கட்டிலே ஆடுது பாப்பா.” இந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பு கொஞ்சம் சிலுசிலு என்பது வேறு. பல் அடித்துக்கொண்டு, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் ஆள் குலுங்குகிற நடுக்கம் வேறு. மலேரியாவிலும் அப்படி வரும், ரத்தத்தில் பாக்டீரியா இறங்கினாலும் வரும். அப்படி ஒரு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதுவும் சுகர் இருப்பவருக்கு வந்தால், ‘ரெண்டு நாள் பார்க்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம்.

பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள், கலர் கலராக மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் காய்ச்சல் இல்லை. அப்பா களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டு நர்சரிக்குப் போய்விட்டார். ரெண்டு நாளில் திரும்ப நடுக்கம். திரும்ப ஊசி, திரும்ப நன்றாக இருந்தார். இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போனது. அந்த ஊசியில் என்ன மருந்து இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, சீட்டில் எழுதவில்லை. பிறகு பார்த்த டாக்டர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் ரத்தத்தில் இருக்கும் கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம். ஸ்டெராய்டு போட்டிருந்தால் காய்ச்சல் மட்டும் அடங்கும், கிருமி பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும். ஊசி போடுகிறவரிடம் “இது என்ன மருந்துங்க, சீட்டுல எழுதிக் கொடுங்க” என்று கேட்பதில் தப்பே இல்லை. முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் லேப் டெஸ்ட். வைடால் பாசிட்டிவ், அதனால் டைபாய்டு என்றார்கள். டிரிப் ஏற்றினார்கள். அடுத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் தொண்ணூறாயிரம். உடனே டெங்கு பயம். ஊரிலிருந்து பப்பாளி இலைச் சாறு வந்தது, நிலவேம்புக் கஷாயம் வந்தது, ஆளுக்கொரு யோசனை வந்தது. நம் ஊரில் ஒரே ஒரு வைடால் பாசிட்டிவை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது என்பதும், ரத்தத்தில் கிருமி பரவினாலும் பிளேட்லெட் குறையும் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதே காகிதத்தில் வெள்ளையணு பதினெட்டாயிரத்துக்கு மேல் என்று இருந்தது. டெங்குவில் பொதுவாக வெள்ளையணு இறங்கும். ஏறியிருக்கிறதே, ஏன் என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் பல நாள் மிச்சமாகியிருக்கும். எல்லோர் கண்ணும் பிளேட்லெட் மேலேயே இருந்தது. இதற்கு நடுவில் அப்பா இடுப்பு வலி என்று புரண்டு புரண்டு படுத்தார். குனிந்தே வேலை செய்கிற ஆள், வலிக்காமல் இருக்குமா என்று அதற்கு ஒரு தைலம் கொடுத்து அனுப்பினார்கள்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நான் லீவு சொல்லிவிட்டு வந்து அவரைக் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவின் நகங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்த்தார். அங்கே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அழுத்தினால் வலிக்கவில்லை. நாங்கள் ஒருவரும் அதைக் கவனித்ததே இல்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, “ஐயா, சமீபத்துல உடம்புல எங்கயாவது காயம், கட்டி, புண்ணு?” என்றார். அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் இருந்தது.

உடனே ஆன்டிபயாடிக் போடவில்லை. முதலில் பிளட் கல்ச்சர் என்றார், ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனை. ரெண்டு கையிலிருந்தும் தனித்தனியாக, இடைவெளி விட்டு, ஒவ்வொரு பாட்டிலுக்கும் எட்டிலிருந்து பத்து மில்லி. “இவ்ளோ ரத்தம் எடுத்தா நான் என்னாத்துக்கு ஆவறது” என்று அப்பா முனகினார். ஒரு செட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனது. நான்கூட ஒன்று போதாதா என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ரெண்டு மூன்று இடத்திலிருந்து எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பாட்டிலில் மட்டும் தோலில் இருக்கிற சாதாரணக் கிருமி வளர்ந்தால் அது எடுக்கும்போது ஒட்டியதா, உள்ளே இருந்ததா என்ற சந்தேகம் வரும். எல்லாப் பாட்டிலிலும் ஒரே கிருமி வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ரத்தம் எடுத்து முடித்த கையோடு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. இந்த வரிசைதான் முக்கியம்: கல்ச்சர், உடனே மருந்து. கல்ச்சர் எடுப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

மறுநாள் ராத்திரியே டியூட்டி டாக்டர் என்னைக் கூப்பிட்டார். எல்லா பாட்டிலிலும் கிருமி வளர்கிறது, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரி தெரிகிறது என்றார். எனக்கு அந்தப் பெயரைச் சொல்லவே வரவில்லை, எழுதி வாங்கிக்கொண்டேன். சுமார் பத்தில் மூன்று பேருக்கு மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கிற கிருமியாம் அது. வெளியே இருக்கிறவரை பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லை. வெட்டுக்காயம், சீழ்க்கட்டி, டயாலிசிஸ் குழாய், ஏன் கையில் போடுகிற டிரிப் ஊசிக்குழாய் வழியாகக்கூட ரத்தத்துக்குள் போய்விட்டால் கதை வேறு. அது இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு, சிறுநீரகம் என்று எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கும். அதனால் இந்தக் கிருமி ஒரே ஒரு பாட்டிலில் வந்தால்கூட யாரும் அலட்சியம் செய்வதில்லை. ரத்தத்தில் இது வந்த எல்லோருக்கும் எக்கோ எடுத்து வால்வைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார்.

எக்கோவில் மைட்ரல் வால்வில் ஏதோ ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல். கிருமியும் ரத்த உறைவும் சேர்ந்து வால்வில் வளர்கிற முடிச்சு, வெஜிடேஷன் என்கிறார்கள். வால்வு என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு, அதன் விளிம்பில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் கதவு சரியாகச் சாத்தாது, ரத்தம் பின்னால் ஒழுகும், அதுதான் மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அதைவிடப் பயமுறுத்தியது அடுத்து சொன்னது. அந்த முடிச்சிலிருந்து துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். உள்ளங்காலில் பார்த்த புள்ளிகளும் அப்படித் தெறித்து வந்த கிருமித் துணுக்குகள்தான். இதய அறுவை சிகிச்சை செய்யும் வசதி உள்ள இடத்தில் இருப்பது நல்லது, கிளம்புங்கள் என்றார்.

வேலூரா, சேலமா, பெங்களூருவா? கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எப்போதும் இந்தக் குழப்பம்தான், நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். தம்பி ராணுவத்தில், எல்லையில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. அம்மா நர்சரியை விட்டு வந்தால் கன்றுகள் காய்ந்துவிடும். சொந்தக்காரர்கள் போனில் இருந்தார்கள். நான்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஓசூர் வழியாகப் போகிற ஊர், கம்பெனி இன்சூரன்ஸ் அங்கே செல்லும் என்பதால் பெங்களூரு என்றேன். ஆக்சிஜன் வைத்த ஆம்புலன்சுக்குப் பன்னிரண்டாயிரம். முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எடுத்தது தப்பான முடிவாக இருந்தால் ஊர் என்ன பேசும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அப்பா பிழைப்பாரா என்பதைவிட அந்த நினைப்பு பெரிதாக இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தனியாக நிற்பவர்களுக்கு இந்த எண்ணம் வரத்தான் செய்யும்.

அங்கே தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சுக்கு மேலே வைத்து எடுப்பதைவிட அது துல்லியம், இதயத்துக்குப் பின்னால் நெருங்கிப் போய்ப் பார்க்கும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. சுகர்காரருக்கு அது ஒரு பாடு, அதனால் காலையில் முதல் ஆளாகப் பெயர் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தொண்டை மரக்க ஸ்பிரே அடிப்பார்கள், கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். இடுப்பு வலியை இந்த டாக்டர்கள் விடவில்லை. எம்ஆர்ஐ எடுத்தார்கள், கீழ் முதுகில் ரெண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கிலும் கிருமி உட்கார்ந்திருந்தது. தைலம் தேய்த்த அதே இடம்.

மூன்றாம் நாளோ என்னவோ கல்ச்சரின் முழு ரிப்போர்ட் வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் நேரே எஸ் அல்லது ஆர் என்று போட்டிருக்கும். எஸ் என்றால் மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. அதில் செஃபாக்சிடின் என்ற வரியைப் பாருங்கள். அது எஸ் என்றால் எம்எஸ்எஸ்ஏ, அதாவது மெதிசிலின் வகை மருந்துக்கு அடங்குகிற ஸ்டெஃப் கிருமி. ஆர் என்றால் எம்ஆர்எஸ்ஏ, அதற்கு அடங்காதது. எங்களுக்கு எஸ். அன்றைக்கே அதுவரை போட்டுவந்த வான்கோமைசின் ஊசியை நிறுத்திவிட்டு செஃபசோலின் என்ற பழைய, விலை குறைந்த ஊசிக்கு மாற்றினார்கள். இதைக் கேட்ட மாமா போனிலேயே சத்தம் போட்டார்: “காஸ்ட்லி ஊசிய நிறுத்திட்டு சல்லிசு ஊசி போடறாங்கன்னா, காசு இல்லாத பார்ட்டின்னு முடிவு கட்டிட்டாங்கன்னு அர்த்தம்.” எனக்கும் வயிற்றைக் கலக்கியது. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். மெதிசிலினுக்கு அடங்குகிற ஸ்டெஃப் கிருமி என்றால் செஃபசோலின், குளோக்சசிலின் வகை மருந்துகள்தான் வான்கோமைசினைவிட நன்றாக வேலை செய்யும். வான்கோமைசின் எம்ஆர்எஸ்ஏவுக்கு. அதற்கு ரத்தத்தில் மருந்து அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மருந்து, சின்ன மருந்து என்று ஒன்றும் கிடையாது, எந்தக் கிருமிக்கு எது என்பதுதான். இதே சந்தேகம் உங்களுக்கு வந்தால் உறவினரிடம் கேட்காதீர்கள், ரவுண்ட்ஸ் வருகிற டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டிக் கேளுங்கள்.

மருந்து ஆரம்பித்த பிறகும் ரெண்டு நாளைக்கு ஒருமுறை கல்ச்சர் எடுத்தார்கள். அது எனக்குப் புரியவே இல்லை. கிருமி இருக்கிறது என்றுதான் தெரிந்துவிட்டதே, திரும்பத் திரும்ப எதற்கு? ரத்தம் சுத்தமாகிவிட்டதா என்று பார்ப்பதற்காம். முதலில் எடுத்தது மறுபடி பாசிட்டிவ். அந்த நாள் நான் காரிடாரில் உட்கார்ந்து அழுதேன். அதற்கடுத்தது நெகட்டிவ். ஆறு வாரம் மருந்து என்று சொன்னார்களே, அந்த ஆறு வாரத்தின் முதல் நாள் அட்மிட் ஆன தேதி கிடையாது, முதல் நெகட்டிவ் கல்ச்சர் எடுத்த தேதி. இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பா அட்மிட் ஆன நாளிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கணக்கு தள்ளிப் போனதைக் கேட்டதும் ரெண்டு வேளை சாப்பிடவில்லை.

உண்மையான போராட்டம் அதற்கப்புறம்தான். காய்ச்சல் நின்றுவிட்டது, மூச்சு வாங்கல் குறைந்துவிட்டது, இட்லி இறங்குகிறது. “எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா, ஊட்டுக்குப் போலாம் வா. ஒட்டுக் கட்டற சீசன் போவுது.” தினமும் இதே பாட்டு. நம் ஆட்களுக்குக் காய்ச்சல் விட்டால் நோய் விட்டது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் வால்வில் இருக்கும் முடிச்சுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. வெள்ளையணு உள்ளே போய்க் கிருமியை அழிக்க வழியில்லை. மருந்து ஒன்றுதான் மெல்ல மெல்ல உள்ளே ஊற வேண்டும். அதனால்தான் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்று வாரக்கணக்கில் நரம்பு வழியாகவே போடுகிறார்கள்.

அப்பாவை அடக்கியது நான் சொன்ன ஒரு பழைய கதைதான். 1941-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்று ஒரு போலீஸ்காரர். முகத்தில் ஒரு காயம், அதிலிருந்து இந்தக் கிருமியும் இன்னொரு கிருமியும் பரவி ஒரு கண்ணையே எடுக்கவேண்டி வந்தது. அப்போதுதான் மருந்தாகத் தயாரிக்க ஆரம்பித்திருந்த பென்சிலினை அவருக்குப் போட்டுப் பார்த்தார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் உலகத்திலேயே கையிருப்பு அவ்வளவுதான். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டும் தீர்ந்துபோனது. கிருமி மறுபடி தலைதூக்கி மார்ச் மாதம் இறந்துவிட்டார். “மூத்திரத்திலருந்தா எடுத்தாங்க?” என்று அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பக்கத்து பெட் தெலுங்குக்காரரிடமும் தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போலாம் என்ற பேச்சு பாதியாகக் குறைந்தது.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சில. நான் தினமும் காலையில் அப்பாவைச் சிரிக்கச் சொல்வேன், ரெண்டு கையையும் தூக்கச் சொல்வேன், எங்கள் ஊர் பஸ் போகிற வழியை வரிசையாகச் சொல்லச் சொல்வேன். வாய் கோணினாலோ, ஒரு கை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா, சிறுநீர் குறைகிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் வால்வு ஒழுகல் அதிகமாகி இதயம் திணறுவதன் அறிகுறியாக இருக்கலாம். வால்வு ரொம்பக் கெட்டுப்போனாலோ, மருந்துக்குக் கிருமி அடங்காவிட்டாலோ, பெரிய முடிச்சிலிருந்து துணுக்குகள் தெறித்துக்கொண்டே இருந்தாலோ அறுவை சிகிச்சைதான். எங்களுக்கும் சர்ஜன் வந்து பார்த்தார், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அதிர்ஷ்டம், தேவைப்படவில்லை. கையில் போட்டிருக்கும் ஊசிக்குழாய் இடம் சிவந்தால், வீங்கினால், வலித்தால் கூச்சப்படாமல் மாற்றச் சொல்லுங்கள். ஒரு தொற்றுக்கு மருந்து ஏற்றப் போட்ட குழாய் வழியாக இன்னொரு தொற்று வந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது? கை நரம்பெல்லாம் கெட்டியாகிப் போன பிறகு அப்பாவுக்கு மேல் கையில் நீளமான குழாய் ஒன்று போட்டார்கள். அதை முன்பே கேட்டிருந்தால் பல குத்தல்கள் மிச்சம்.

ஆண்கள் வார்டில் ராத்திரி பெண் துணை தங்கக் கூடாது என்றார்கள். நியாயம்தான், ஆனால் எனக்குப் போக்கிடம்? லிஃப்ட் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அதனால்தான் தனி அறை எடுத்தேன், அங்கேதான் இன்சூரன்ஸில் மாட்டினேன். என் பாலிசி மூன்று லட்சம், அறை வாடகை ஒரு நாளைக்கு மூவாயிரம் வரைதான். நாங்கள் எடுத்த அறை நாலாயிரத்து ஐந்நூறு. மேலே இருக்கிற ஆயிரத்து ஐந்நூறைக் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. அறை வாடகை எந்த விகிதத்தில் வரம்பைத் தாண்டியதோ, அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், நர்சிங் சார்ஜ் என்று மற்ற செலவுகளிலும் வெட்டினார்கள். அட்மிஷன் கவுன்ட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே ‘என் பாலிசிக்கு எந்த அறை வரை செல்லும்’ என்று கேட்டுவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வீட்டில் இருந்தது. வருடத்துக்கு 5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில். நாங்கள் போன இடத்தில் அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மாநிலத்துக்குள்ளேயே போயிருந்தால் அந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

மொத்தத்தில் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இன்சூரன்ஸ் பாதியை ஏற்றுக்கொண்டது. மீதிக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது. அந்த வருடம் கட்டின ஒட்டுக் கன்றுகளை, ஐம்பது ரூபாய்க்குப் போக வேண்டியதை, முப்பதுக்கு ஒரு வியாபாரிக்கு மொத்தமாகத் தள்ளினோம். எனக்குச் சம்பளமில்லா லீவு. வேலை போகவில்லை, ஆனால் அந்த வருட இன்கிரிமென்ட் போனது.

பாதி வாரங்கள் முடிந்ததும், மீதி ஊசியை ஊர்ப்பக்கமே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். செலவும் தாங்கவில்லை, நானும் தாங்கவில்லை. எக்கோவும் கல்ச்சரும் சரியாக இருந்ததால் ஒப்புக்கொண்டார்கள். அப்போது நான் அடம்பிடித்து வாங்கிய ஒரு கடிதம் பெரிய உதவி. கிருமியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணிக்கொரு முறை, முதல் நெகட்டிவ் கல்ச்சர் தேதி, கடைசி ஊசி போட வேண்டிய தேதி, வாரா வாரம் எடுக்க வேண்டிய ரத்தச் சோதனைகள், எந்த நிலைமை வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பது வரை எல்லாம் ஒரே பக்கத்தில். டிஸ்சார்ஜ் சம்மரியில் இவையெல்லாம் பத்துப் பக்கத்தில் சிதறிக் கிடக்கும், ராத்திரி டியூட்டிக்கு வருகிறவர் தேடிப் படிக்க மாட்டார். வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் வாரமே ஒருவர், “அதான் காய்ச்சல் இல்லையே, மாத்திரைக்கு மாத்திடலாமே” என்றார். கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. ராத்திரி பதினோரு மணி ஊசி சில நாள் தள்ளிப் போகும், போய் ஞாபகப்படுத்த வேண்டும். நோட்டில் நேரம் எழுதி நர்ஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஒரு சிஸ்டர் மட்டும் கோபித்துக்கொண்டார், மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள்.

இப்போது அப்பா நர்சரிக்குப் போகிறார், சுகர் கட்டுக்குள் இருக்கிறது. வால்வு ஒழுகல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதற்கு மாத்திரையும் அவ்வப்போது எக்கோவும். ஒருமுறை வால்வில் தொற்று வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் பல் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். வாயில் இருக்கும் வேறு வகைக் கிருமிகளும் வால்வில் போய் உட்காருமாம். அப்பாவுக்கு ரொம்ப நாளாக ஒரு கடைவாய்ப் பல் சொத்தை. அதைப் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அமாக்சிசிலின் 2 கிராம் போடச் சொன்னார், பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொண்ட பிறகு. உங்கள் வீட்டில் செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இந்தத் தொற்று வந்தவர்கள் இருந்தால் பல் டாக்டரிடம் சொல்லாமல் நாற்காலியில் உட்கார வேண்டாம்.

காய்ச்சல் விஷயத்திலும் ஒரு உத்தரவு இருக்கிறது. 100.4-க்கு மேல் போனால் எந்த ஆன்டிபயாடிக்கும் வாயில் போடக் கூடாது, ஊசியும் கூடாது, முதலில் பிளட் கல்ச்சர். இதை ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். ஊர்ப்பக்கத்துச் சின்ன லேப்களில் அந்தப் பாட்டில் இருக்காது. எங்கே எடுக்கிறார்கள், ராத்திரியில் எடுப்பார்களா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதை ஆள் நன்றாக இருக்கும்போதே விசாரித்து போன் நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள்.